நல்ல தேயிலை எது?

கார்த்திகை மாதத்துப் பிரம்மோற்சவ நாள்களில் திருச்சானூரின் விடியற்காலை தனி அழகு வாய்ந்தது. பத்மாவதித் தாயார் கோயிலின் புஷ்கரிணியில் நீராடிக் கரையேறும் அடியார்கள், மழைக் காலத்துக் குளிர்காற்றில் நடுங்கியபடி முதலில் நாடுவது ஒரு குவளைச் சூடான தேநீரையே. தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே கடையின் முன் தோளோடு தோள் உரச நிற்பர். மொழி இரண்டானாலும் தேநீரின் ஆவி ஒன்றுதான்.

திருச்சானூரிலும், அதிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. கடைகளில் வழக்கமான தேயிலைத் தூளுக்குப் பக்கத்தில், அழகிய டப்பாக்களில், இரண்டு மூன்று மடங்கு விலையில், 'ஆர்கானிக் டீ' என்று ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. தெலுங்குக் கடைக்காரர் அதைச் 'சேந்திரிய' தேயிலை என்கிறார். நம் தமிழில் 'இயற்கைத் தேயிலை' என்றும் 'அங்ககத் தேயிலை' என்றும் வழங்குகிறார்கள். இதை வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழ் அன்பர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இக்கேள்வி ஏன் முக்கியமானது என்பதைப் பார்ப்போம். அரிசியைக் களைந்து உலையில் இடுகிறோம். கீரையை நான்கு முறை அலசிய பிறகே அரிவாள்மணையில் வைக்கிறோம். பழத்தைத் தோல் சீவி உண்கிறோம். ஆனால் தேயிலையை எவரும் கழுவுவதில்லை. தோட்டத்தில் கிள்ளிய கொழுந்து ஆலைக்குச் சென்று வாடவிடப்பட்டு, சுருட்டப்பட்டு, உலர்த்தப்பட்டு, பெட்டியில் அடைபட்டு நம் வீட்டுக்கு வருகிறது. இந்த நெடும் பயணத்தில் எங்குமே அது நீராடுவதில்லை. அதன்மேல் படும் முதல் நீர், நாம் அடுப்பில் கொதிக்கவைக்கும் நீரே. ஆகவே, செடியின்மேல் பூச்சிமருந்து எதுவும் எஞ்சியிருக்குமானால், அதன் ஒரு பகுதி நேரே நம் குவளைக்குள் இறங்கக் கூடும். இந்த அச்சம் பொருளற்றதன்று. தேயிலைத் தோட்டங்களில் எந்தெந்த மருந்துகளைத் தெளிக்கலாம் என்று வரையறுக்கும் விதித்தொகுப்பு ஒன்றை இந்தியத் தேயிலை வாரியம் 2014-ஆம் ஆண்டு வெளியிட்டதும் இக்காரணம் பற்றியே. சாதாரணத் தேயிலை அனைத்தும் நஞ்சு என்று எண்ணிவிடுதல் தவறு. மருந்தின் எச்சத்துக்குச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. எனினும், அவ்வச்சமே வேண்டாம் என்று கருதுவோர்க்கு இயற்கைத் தேயிலை ஒரு வழி.

நம் திருச்சானூர் மண்ணில் தேயிலை விளைவதில்லை. தேயிலைச் செடி புளிப்புத் தன்மையுள்ள மண்ணையும், நிறைந்த மழையையும், மலைச்சரிவின் குளிர்ச்சியையும் வேண்டி நிற்பது. வேர் நனைய வேண்டும். ஆனால் வேரடியில் நீர் தேங்கலாகாது. கோடையில் 40 பாகைக்கு மேல் வெயில் கொளுத்தும் இப்பகுதியில் வேர்க்கடலை விளையும், மா காய்க்கும், தேயிலை தழைக்காது. அதற்கு உரிய இடம் நம் நீலகிரி. 1830-களில் அங்கே கேத்தியில் சோதனையாக நடப்பட்ட தேயிலை, 1860-களையொட்டி வாணிபப் பயிராக வேரூன்றியது. இன்று குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் பெருந்தோட்டங்களும், ஓரிரு ஏக்கர் மட்டுமே உடைய சிறு விவசாயிகளின் காணிகளும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன.

இனி, 'இயற்கை முறை' என்பதன் பொருளை ஆராய்வோம். செயற்கை உரமும், செயற்கைப் பூச்சிமருந்தும், செயற்கைக் களைக்கொல்லியும் இன்றிப் பயிரிடுவதே அது. மண்புழு உரம், மக்கிய தழை, வேப்பம் பிண்ணாக்கு ஆகியவை செடிக்கு உணவாகின்றன. களையை மருந்தால் கருக்காமல் கையால் எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் இலையைத் தாக்கும் கொப்புள நோய்க்கும், கொழுந்தைக் குத்திச் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசுவுக்கும் அனுமதிக்கப்பட்ட சில பொருள்களை மட்டுமே அளவோடு பயன்படுத்த வேண்டும். இவ்வாறு ஒரு தோட்டத்தை மாற்றத் தொடங்கினால் உடனே சான்று கிடைத்துவிடாது. தேயிலை போன்ற நீடித்த பயிர்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் விளைச்சல் குறையும், ஆள் செலவு கூடும். ஆனால் இயற்கைத் தேயிலை என்ற விலை கிடைக்காது. டப்பாவின் விலை உயர்ந்திருப்பதன் காரணம் இதில் பெரிதும் அடங்கியிருக்கிறது.

இம்மாற்றம் பொறுமையின்றி நிகழாது என்பதற்கு அண்டை நாடான இலங்கை ஒரு பாடம். 2021-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு செயற்கை உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நாடு முழுவதும் ஒரே வீச்சில் இயற்கை முறைக்கு மாற வேண்டும் என்பது நோக்கம். மண்ணும் விவசாயியும் அதற்கு ஆயத்தமாக இல்லை. சில மாதங்களில், அவ்வாண்டு நவம்பரிலேயே, தடை விலக்கப்பட்டது. 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, 2022-இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சரிந்தது. நோக்கம் நல்லதாயினும் அவசரம் ஆகாது. இதற்கு மாறாக, டார்ஜிலிங் மலையிலுள்ள மகாய்பாரித் தோட்டம் படிப்படியாக மாறி, 1988-இல் இயற்கை முறைச் சான்று பெற்றது. சிக்கிம் மாநிலமும் பல ஆண்டு முயற்சிக்குப் பின்னரே 2016-இல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள தேமித் தோட்டத்துத் தேயிலை இன்று பலரும் விரும்பி வாங்கும் ஒன்று. ஆக, இயற்கைத் தேயிலை என்பது பல ஆண்டு உழைப்பின் பயன். உழைப்பு உண்மையானதா என்று கேட்டறிவது வாங்குவோரின் கடமை.

எவ்வாறு கேட்டறிவது? டப்பாவின் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள். முகத்தில் பச்சை இலையும் பனி மலையும் வரையப்பட்டிருக்கும். 'தூய', 'நேச்சுரல்', 'மலைச்சாரல்' என்ற சொற்கள் மின்னும். இவை எதற்கும் சான்றல்ல. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்கீழ்ச் சான்று பெற்ற பொருளுக்கு 'இந்தியா ஆர்கானிக்' என்ற முத்திரை உண்டு. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் மேற்பார்த்து உறுதியளிக்கும் 'பி.ஜி.எஸ். இந்தியா' என்ற முறையும் உண்டு. இதில் 'பச்சை' என்பது மாறிக்கொண்டிருக்கும் நிலத்தையும், 'ஆர்கானிக்' என்பது முழுதும் மாறிவிட்ட நிலத்தையும் குறிக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் 'ஜைவிக் பாரத்' என்ற பொது முத்திரையையும் அறிமுகப்படுத்தியது. இவற்றோடு, சான்றளித்த அமைப்பின் பெயர், சான்று எண், ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தோட்டத்தின் அல்லது பொதிந்தவரின் முகவரி, பொதிந்த நாள் ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாமல் சொல் மட்டும் இருக்குமானால், அச்சொல்லுக்கு இரட்டை விலை கொடுப்பானேன்?

இங்கே ஆந்திர மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு சிறு குழப்பம் நேரக்கூடும். 2016 முதல் இம்மாநில அரசு 'பிரக்ருதி வியவசாயம்' என்ற இயற்கை வேளாண்மையைப் பெருமளவில் பரப்பி வருகிறது. நெல்லும் கடலையும் காய்கறியும் அம்முறையில் விளைந்து சந்தைக்கு வருகின்றன. அது போற்றத்தக்க முயற்சி. ஆயினும் ஒரு வேளாண் முறையைப் பின்பற்றுவது வேறு. மூன்றாம் ஒருவர் வந்து சோதித்து எழுதிக் கொடுத்த சான்று வேறு. உள்ளூர் விவசாயியை நாம் நேரில் அறிவோம். அவர் வயலை நம் கண்ணால் காணலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தேயிலை மலையை நாம் காண இயலாது. அங்கே நமக்காகக் காண்கின்ற கண்ணே அந்த முத்திரை. டார்ஜிலிங், நீலகிரி ஆகிய தேயிலைகளுக்கு வழங்கப்பட்டுள்ள புவிசார் குறியீடும் இதனின்று வேறானது. அது விளைந்த ஊரைச் சொல்லும். விளைத்த முறையைச் சொல்லாது.

சான்று சரியாக இருந்துவிட்டால் தேநீர் சுவைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். இதை நான் என் சொந்த அனுபவத்தில் கற்றேன். சென்ற ஆண்டு, சான்று முத்திரையெல்லாம் பார்த்து, உயர்ந்த விலையில் இயற்கைத் தேயிலை ஒன்று வாங்கி வந்தேன். நீண்டு முறுக்கிய அழகான இலைகள். வழக்கம்போல் பாலும் நீரும் கலந்து, சர்க்கரையிட்டு, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினோம். அண்டை வீட்டுப் பாட்டியம்மாள் ஒரு வாய் பருகிவிட்டு, "என்ன தம்பி, இவ்வளவு காசு கொடுத்தா வெந்நீர் வாங்கி வந்தாய்?" என்றார். பிழை தேயிலையின் மேலதன்று, என் மேலதே. பாலின்றிப் பருகவேண்டிய இலையைப் பாலில் இட்டு வதைத்திருந்தேன்.

தேயிலை ஆக்கும் முறைகள் பெரும்பாலும் இரண்டு. பழைய முறையில் கொழுந்தை வாடவிட்டு, உருளையில் சுருட்டி, காற்றுப்பட வைத்து, பிறகு உலர்த்துவர். இலை பெரிதும் முழுதாக நிற்கும். இதை 'ஆர்த்தடாக்ஸ்' முறை என்பர். மற்றொன்று 'சி.டி.சி.' முறை. நசுக்கி, கிழித்து, உருட்டும் இந்த இயந்திரம் 1930-ஆம் ஆண்டளவில் அசாமில் உருவாயிற்று. இதில் தேயிலை சிறு மணிகளாகவும் தூளாகவும் வரும். சாறு விரைவில் இறங்கும். நிறமும் வன்மையும் மிகுதி. தென்னாட்டுத் தேநீர்க் கடைகளில் பாலுக்கு ஈடுகொடுத்து நிற்பது இத்தூளே. ஆகவே, பால் தேநீர்ப் பிரியர்கள் சான்று பெற்ற இயற்கைத் தோட்டத்தின் சி.டி.சி. தூளையே கேட்டு வாங்க வேண்டும். பாலின்றி மணத்தை நுகர்ந்து பருகுவோர் முழு இலையை வாங்கலாம். பச்சைத் தேநீர் விரும்புவோர், பறித்தவுடன் சூடேற்றிக் கறுக்கவிடாமல் உலர்த்திய இலையை நாடலாம். மூன்றும் ஒரே செடியின் மக்களே, வளர்ப்பில்தான் வேற்றுமை. டப்பாவின்மேல் காணும் 'ஆரஞ்சு பீக்கோ' என்ற சொல்லைக் கண்டு ஆரஞ்சுப் பழத்தை நினைக்க வேண்டியதில்லை. அது இலையின் அளவையும் வடிவையும் குறிக்கும் வாணிபப் பெயர் மட்டுமே.

பருவத்தையும் கவனிக்கலாம். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி இறங்கும் காலத்தில் செடி மெல்ல வளர்வதால், அப்போது கிள்ளிய கொழுந்தின் மணம் சிறந்தது என்பர். டார்ஜிலிங்கில் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களின் முதற்கொழுந்துக்குப் பெயருண்டு. பறித்த காலமும் பொதிந்த நாளும் குறித்திருக்கும் தேயிலையே நம்பத்தக்கது. ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்த தேயிலை, எவ்வளவு உயர்ந்த சான்று பெற்றதாயினும், மணமிழந்திருக்கும்.

வீட்டிற்கு வந்தபின் செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள் உண்டு. வெள்ளை வடிதாளின்மேல் சிறிது தேயிலையைப் பரப்பி, நீர் தெளித்து, சற்றுப் பொறுத்துத் தாளைக் குழாய் நீரில் அலசுங்கள். தூய தேயிலை தாளில் கறை பதிப்பதில்லை; சாயம் ஏற்றியதாயின் கறை தெரியும். காந்தம் ஒன்றைத் தூளின்மேல் நகர்த்தினால் இரும்புத் துகள் இருப்பின் ஒட்டிக்கொள்ளும். இயந்திரத் தேய்மானத்தால் மிகச் சிறிதளவு வருவது உண்டு; மிகுதியாக ஒட்டினால் ஐயுற வேண்டியதுதான். ஒருமுறை காய்ச்சிய சக்கையை உலர்த்திச் சாயமேற்றி விற்கும் தீமை புதியதன்று. கழிவுத் தேயிலையைக் கட்டுப்படுத்த 1959-ஆம் ஆண்டிலேயே அரசு ஆணை பிறப்பித்தது என்பதிலிருந்து அதன் பழமை விளங்கும். எனவே, இயற்கைத் தேயிலை வாங்க வசதியில்லாதவர்கள்கூட, சாக்கிலிருந்து அளந்து கொடுக்கும் பெயரற்ற தூளைத் தவிர்த்து, முத்திரையிட்ட பொதியை வாங்குவது முதற்பெரும் நன்மை. இவ்வொரு மாற்றத்துக்குச் செலவும் அதிகமில்லை.

காய்ச்சும் முறையைச் சுருங்கச் சொல்வோம். ஒரு குவளைக்கு இரண்டு கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி போதும். கறுப்புத் தேயிலை முழு இலையாயின், நீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, இலையிட்டு மூடி, மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்து வடிக்கவும். பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது. கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் கசக்காது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரில் தேநீரின்மேல் ஆடைபோல் ஒரு படலம் எழும், சுவையும் மங்கும். மென்னீர் கிடைப்பின் அதையே தேநீருக்கு ஒதுக்குங்கள். காற்றுப் புகாத, ஒளி படாத செப்பில் தேயிலையை வையுங்கள். பூஜை மாடத்துக்கு அருகே வைப்பதை மட்டும் தவிருங்கள். தேயிலை அண்டையிலுள்ள மணத்தையெல்லாம் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது; கற்பூரம் மணக்கும் தேநீர் எவர்க்கும் உவப்பாகாது.

விலையைக் கண்டு மலைக்குமுன் ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 250 கிராம் டப்பா 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குவளைக்கு இரண்டு கிராம் வீதம் 125 குவளை. ஒரு குவளைக்கு நான்கு ரூபாய். நல்ல முழு இலையாயின் இரண்டாம் முறையும் நீர் ஊற்றலாம். நாளொன்றுக்கு ஐந்து முறை பழக்கத்தால் பருகுவதைக் குறைத்து, இருமுறை சுவைத்துப் பருகினால் செலவு ஏறாது.

இயற்கைத் தேயிலை நோய் தீர்க்கும் என்று கூறுவாரும் உளர். அவர்கள் பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். இயற்கை முறையில் விளைந்ததனால் தேயிலையின் காபீன் குறைந்துவிடுவதில்லை. உறக்கம் வராதவர் இரவில் தவிர்க்கத்தான் வேண்டும். உணவோடு சேர்த்துத் தேநீர் பருகினால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கு அது தடையாகிறது. இரத்தசோகை உள்ள பெண்களும் குழந்தைகளும் இதை நினைவில் கொள்ள வேண்டும். உண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பருகுவது நன்று. துளசி, செம்பருத்தி முதலியவற்றால் ஆன பானங்கள் 'ஹெர்பல் டீ' என்று விற்கப்படினும், அவற்றில் தேயிலை இல்லாதவிடத்து அவை தேநீரே அல்ல. அவற்றின் நன்மை தீமை தனியே ஆராயத்தக்கது.

இறுதியாக ஒன்று. இயற்கை முத்திரை செடிக்கு என்ன தெளிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். கொழுந்து கிள்ளிய கைக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. அந்தக் கை பெரும்பாலும் தமிழ்ப் பெண்ணின் கை. பிழைப்புத் தேடி இலங்கை மலைகளுக்குச் சென்ற நம் மக்களின் வழிவந்தோரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை முடிவு செய்தது. அவ்வாறு திரும்பியோருக்கு வேலை தர, 1968-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு நீலகிரிப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அதுவே பின்னர் 'டான்டீ' கழகமாயிற்று. வேற்று மண்ணில் வாழ்வது இன்னதென்று அறிந்த நமக்கு, அவர்களுடைய வாழ்க்கை அயலார் கதையன்று. ஒரு கிலோத் தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அத்தனையையும் ஈரச் சரிவில் நின்று கிள்ள வேண்டும். பூச்சிமருந்து இல்லாத தோட்டத்தில் முதலில் நலம் பெறுவது நாம் அல்லர். நாள் முழுதும் அச்செடிகளின் நடுவே மூச்சுவிடும் அப்பெண்களே.

ஆதலால், தேயிலை வாங்கும்போது மூன்று கேள்விகளை மறவாதீர்கள். இயற்கை முறை என்பதற்குச் சான்று எங்கே? என் வீட்டுப் பழக்கத்துக்கு ஏற்றது இலையா, தூளா? இதைப் பொதிந்து எத்தனை நாளாயிற்று? மூன்றுக்கும் விடை கிடைத்த தேயிலையே நல்ல தேயிலை. பின்குறிப்பாக, நானும் அந்த நீண்ட இலையைக் கொதிநீரில் முறைப்படி ஊறவைத்து, பால் சேர்க்காமல், சிறிது வெல்லத்தோடு பாட்டியம்மாளிடம் மறுமுறை கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலிக் குவளையை மட்டும் மீண்டும் என்னிடம் நீட்டினார்.